விமானப் பயணத்தின் கதையைக் கையில் கொடுப்பது எப்படி: அருங்காட்சியகச் செயல்பாடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஒரு சிமுலேட்டரை வாங்கி வைத்துவிட்டால் போதும், கூட்டம் தானாக வரும் என்று நினைக்காத அருங்காட்சியகக்காரரே இல்லை. கூட்டம் வரத்தான் செய்யும். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் ஸ்டிக்கைப் பிடித்து, விமானத்தைக் கடலில் இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே போவார்கள். அப்படிப் போகிறவரை நிறுத்தி, "1930-ல் டிக்கெட் வாங்கி விமானம் ஏறினவருக்கு அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார். அவர் மேல் தப்பில்லை, நாம்தான் அதைக் காட்டவே இல்லையே.

சில வருடங்களாகப் பயணிகள் விமானப் போக்குவரத்து பற்றிய செயல்பாட்டு மேசைகளைச் செய்து, உடைத்து, மறுபடி செய்து பழகியிருக்கிறேன். அதில் தேறியதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பெரிய பட்ஜெட் தேவையில்லை, அட்டை, டார்ச், மணல் பை, பேப்பர் கிளிப் இதெல்லாம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முடிவை எழுதுங்கள், தலைப்பை அல்ல

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், திரையைத் தொட்டால் படம் மாறும் என்கிற வகையறாவை நான் செயல்பாடாகவே சேர்ப்பதில்லை. வருகிறவர் எதையாவது முடிவு செய்ய வேண்டும், அந்த முடிவு தப்பாகவும் போக வேண்டும், தப்பாகும்போது அந்தக் காலத்து ஆள் பட்டதில் கொஞ்சமாவது இவரும் பட வேண்டும். அவ்வளவுதான் விதி.

அதனால் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு முடிவை எழுதிக்கொள்ளுங்கள். "விமானங்கள் எப்படி வளர்ந்தன" என்று எழுதினால் அது சுவரில் மாட்டும் விளக்கத் தட்டியாகத்தான் முடியும், மேசையாகாது. "மூடுபனி இறங்கிவிட்டது, அடுத்த விளக்கு தெரியவில்லை, போவதா திரும்புவதா?" என்று எழுதினால் மேசை பாதி தயார். சீட்டில் கேள்விக்குறி இல்லையென்றால் அதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஒரு கூடத்துக்கு ஐந்து மேசை போதும். ஏழு வைத்தோம் ஒரு முறை, கடைசி இரண்டுக்கு யாரும் வரவே இல்லை, கால் வலி வந்துவிடுகிறது மக்களுக்கு.

படி 2: டிக்கெட் மேசை

நுழைந்ததும் இதுதான் இருக்க வேண்டும், ஏனென்றால் கையில் ஒரு டிக்கெட் வந்துவிட்டால் ஆள் பயணியாகிவிடுகிறார், அப்புறம் மற்ற மேசைகளுக்கு அவராகவே போவார்.

ஆரம்பப் புள்ளி 1914 ஜனவரி 1. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் டாம்பாவுக்கு, கால அட்டவணை போட்டுப் பயணிகளை ஏற்றிய முதல் விமான சேவை அன்றுதான் பறந்தது. டோனி ஜானஸ் என்பவர் பைலட், ஏப்ரம் ஃபைல் என்பவர் பயணி. மொத்தம் ஒரே ஒரு பயணிதான், பைலட்டுக்குப் பக்கத்தில், மேலே கூரையில்லாமல், தண்ணீரில் இறங்கும் ஒரு பறக்கும் படகில். அந்த முதல் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள், ஃபைல் 400 டாலர் கொடுத்து எடுத்தார். மற்றவர்களுக்கு வழக்கமான கட்டணம் 5 டாலர். 23 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். நீராவிப் படகில் போயிருந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அந்தச் சேவை நாலு மாதம் போல ஓடி, சீசன் முடிந்ததும் நின்றுபோனது.

மேசையில் மூன்று அட்டை: படகு, ரயில், விமானம். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம், நனைவீர்களா, எவ்வளவு சாமான் கொண்டுபோகலாம் என்று இருக்கும். "உங்கள் மாமியார் டாம்பாவில் இருக்கிறார், சாயங்காலத்துக்குள் திரும்பி வர வேண்டும்" என்று ஒரு சூழ்நிலை கொடுங்கள். பெரியவர்கள் படகையே எடுக்கிறார்கள், பிள்ளைகள் விமானத்தை. எடுத்த பிறகு அட்டையைத் திருப்பினால் என்ன நடந்தது என்று இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கத்தில் 1929. அந்த வருடம் மார்ச் 30-ல் இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் லண்டனில் இருந்து கராச்சிக்குச் சேவை தொடங்கியது, ஏழு நாள் பயணம். லண்டனில் இருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம், அங்கிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில், அப்புறம் எகிப்தின் அலெக்ஸாண்டிரியா வரை பறக்கும் படகு, மறுபடி விமானம் ஏறிக் கராச்சி. இந்த நாலு துண்டையும் கலைத்துக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். விமான டிக்கெட்டுக்குள் ரயில் இருக்கும் என்று யாருமே எதிர்பார்ப்பதில்லை, அந்த ரயில் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இது வேறு விளையாட்டுடையது என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் எண்ணுவதையே விட்டுவிட்டேன். வரிசை சரியாக வந்ததும் ஐந்தாவது அட்டை ஒன்று கொடுக்கலாம், அதில் ஆள் இல்லை, கடிதம்: 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியில் இருந்து பம்பாய்க்குத் தபால் பையைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார், அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்ற பைலட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். முதலில் தபால், பிறகுதான் ஆள் என்பது பல வழித்தடங்களின் கதை.

படி 3: எடை மேசை, அதில் நான் செய்த தப்பு

அந்தக் காலத்தில் பயணியையும் எடை போட்டார்கள். டாம்பா சேவையில் பயணியும் கைச்சாமானும் சேர்ந்து 200 பவுண்ட், அதாவது ஏறக்குறைய 90 கிலோ, அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம். லண்டனின் குராய்டன் விமான நிலையத்திலும் ஆளைத் தராசில் ஏற்றித்தான் அனுப்பினார்கள்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவது ஒரு பழைய தராசை வைத்து வருகிறவர்களை ஏறச் சொல்லலாம் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். முதல் நாளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், முள் ஏறியதும் பின்னால் நின்ற பையன் எண்ணைச் சத்தமாகப் படித்தான், தராசில் நின்ற பெண் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்க் கடைசி வரை எந்த மேசைக்கும் வரவில்லை. அன்று மாலையே தராசை எடுத்துவிட்டேன். யாரையும் எடை போடாதீர்கள். சும்மா விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அதற்குப் பதில் இது: நீளமான மரப்பலகை ஒன்று, நடுவில் தாங்கு கட்டை. பலகை மேல் டிசி-3 என்ற பழைய பயணிகள் விமானத்தின் 21 இருக்கைகளைக் கோடு போட்டு வரைந்துவிடுங்கள், வரிசைக்கு மூன்று என்று ஏழு வரிசை. வெவ்வேறு எடையில் மணல் பைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கற்பனைப் பயணியின் பெயர், தொழில். மூக்கும் வாலும் தரையில் முட்டாமல் எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும். கடைசியில், எல்லாம் சமமாக நிற்கும்போது, தாமதமாக வந்த ஒரு தொழிலதிபர் பையைக் கொடுங்கள், அதுதான் இருப்பதிலேயே கனமான பை. அவரை எங்கே உட்கார வைப்பது, இல்லை தபால் பையை இறக்கிவிடுவதா? இந்த இடத்தில் குடும்பங்களுக்குள் சண்டையே வரும், வரட்டும்.

படி 4: இரவு வழித்தடம்

எனக்கு மிகவும் பிடித்த மேசை. இதற்கு ஒரு இருட்டு அறை வேண்டும், இல்லையென்றால் கறுப்புத் துணி போட்டு ஒரு நடைபாதையை மூடிக்கொள்ளுங்கள்.

ரேடார் இல்லாத காலத்தில் இரவில் எப்படிப் பறந்தார்கள்? அமெரிக்கத் தபால் துறை தரையில் விளக்கு நட்டது. 1924 ஜூலை 1 முதல் சிகாகோவுக்கும் ஷையனுக்கும் நடுவே இரவுத் தபால் விமானங்கள் ஒழுங்காகப் பறந்தது இந்த விளக்குகளை நம்பித்தான். வழித்தடங்கள் விரிய விரிய, ஏறக்குறைய பத்து மைலுக்கு ஒரு கோபுரம், மேலே சுழலும் விளக்கு, கீழே தரையில் கான்கிரீட்டால் பெரிய அம்புக்குறி, அதற்கு மஞ்சள் வண்ணம் என்று ஒரு முறையே உருவானது. அந்த அம்புகளில் சில இன்னும் புல்வெளியில் கிடக்கின்றன. பிறகு பயணிகளும் இதே வழியில்தான் போனார்கள்.

இதில் ருசியான விஷயம் ஒன்று உண்டு. கோபுரத்தின் துணை விளக்கு மோர்ஸ் குறியீட்டில், அதாவது குறுகிய, நீளமான மினுக்கல்களால், ஒரு எழுத்தைக் காட்டும், அந்த எழுத்தை வைத்து நூறு மைல் பகுதிக்குள் இது எத்தனையாவது கோபுரம் என்று பைலட் தெரிந்துகொள்வார். பத்து கோபுரத்துக்குப் பத்து எழுத்து, வரிசையாக டபிள்யூ, யூ, வி, ஹெச், ஆர், கே, டி, பி, ஜி, எம். பைலட்டுகள் இதை ஒரு வாக்கியமாக, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தாக, மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள்.

அறையில் பத்து சின்ன விளக்குகளை வளைந்த கோட்டில் வையுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் எழுத்தை மினுக்கும்படி செய்து தருவார், இல்லையென்றால் மூன்று தன்னார்வலர்கள் டார்ச்சோடு உள்ளே நின்றாலே போதும், நாங்கள் முதல் மாதம் அப்படித்தான் ஓட்டினோம். ஹெச் என்பது நாலு குறுகிய மினுக்கல், எம் இரண்டு நீளம், ஆர் குறுகியது-நீளம்-குறுகியது, டி ஒரு நீளம் இரண்டு குறுகியது. விளையாடுகிறவர் கையில் எழுத்துப் பட்டியல் அட்டை, வேலை ஒன்றே ஒன்று: இப்போது எந்தக் கோபுரத்தின் மேல் இருக்கிறோம் என்று சொல்வது.

ஐந்தாவது விளக்குக்கு முன்னால் மெல்லிய வெள்ளைத் துணியை இழுத்துவிடுங்கள். அதுதான் மூடுபனி. இப்போது மூன்று வழி: குத்துமதிப்பாக முன்னே போகலாம், திரும்பி நாலாவது விளக்குக்கு வரலாம், இல்லை பக்கத்து வயலில் இறங்கலாம். முன்னே போகிறவர்களுக்குச் சில சமயம் ஆறாவது விளக்கு கிடைக்கும், சில சமயம் அதை அணைத்து வைத்திருப்போம். அணைத்து வைத்திருந்தபோது ஒரு தாத்தா இருட்டில் நின்றபடியே, "சரி, தபால் நாளைக்குப் போனால் என்ன கெட்டுவிடப் போகிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். எங்கள் தட்டியில் எழுதியிருந்த முப்பது வரியும் இதைச் சொல்லவில்லை.

எச்சரிக்கை இரண்டு. வேகமாக மினுக்கும் விளக்கு சிலருக்கு வலிப்பைத் தூண்டும், அதனால் மினுக்கலை மெதுவாக வையுங்கள், வாசலிலேயே எழுதியும் வையுங்கள். தரையில் வயர் ஓடக் கூடாது, இருட்டில் கட்டாயம் யாராவது தடுக்கி விழுவார்கள்.

படி 5: வேலைக்கு விண்ணப்பம்

இது சின்ன மேசை, ஆனால் பேச்சு அதிகம் வரும். 1930 மே 15 அன்று எல்லன் சர்ச் என்ற நர்ஸ், போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானத்தில் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக ஏறினார். அவருக்கு ஆசை பைலட்டாக வேண்டும் என்பது, அது நடக்காததால் விமானத்தில் நர்ஸ் இருந்தால் பயணிகளின் பயம் குறையும் என்று அவரே நிறுவனத்துக்கு யோசனை சொன்னார். பிறகு வந்த விதிகள்: நர்ஸ் படிப்பு வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது, வயது 25-க்குள், உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள், எடை 115 பவுண்டுக்குள், அதாவது 52 கிலோ. வேலையில் பயணிகளைக் கவனிப்பதோடு பெட்டி தூக்குவதும் விமானத்தைக் கொட்டகைக்குள் தள்ள உதவுவதும் சேர்த்தி.

எட்டு கற்பனை விண்ணப்பங்களை அச்சடித்து, விதித்தாளையும் ஒரு ரப்பர் முத்திரையையும் கொடுத்து, வருகிறவரை அதிகாரியாக உட்கார வையுங்கள். எட்டில் ஏழு நிராகரிக்கப்படும்படி எழுதுங்கள், அதில் ஒன்றாவது எல்லா வகையிலும் தகுதியான, போன மாதம்தான் கல்யாணமான நர்ஸாக இருக்கட்டும். முத்திரை குத்தும் சத்தம் முதலில் ஜாலியாக இருக்கும், நாலாவது தாளுக்குப் பிறகு மெதுவாகும். வருகிறவரின் சொந்த வயதையோ உயரத்தையோ எங்கேயும் கேட்காதீர்கள், தராசுக் கதை நினைவிருக்கட்டும்.

படி 6: பேப்பர் கிளிப் மேசை

ஜெட் காலத்தைச் சொல்ல எல்லோரும் வேகத்தைத்தான் காட்டுவார்கள். நான் உடைசலைக் காட்டுவேன்.

1952 மே 2-ல் லண்டனில் இருந்து ஜோகன்னஸ்பர்க் புறப்பட்ட டி ஹாவிலண்ட் காமெட்தான் பயணிகளோடு சேவைக்கு வந்த முதல் ஜெட் விமானம். 1954 ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு காமெட்டுகள் நடுவானில் சிதறின. காரணம் தேட இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமான உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளேயும் தண்ணீர் நிரப்பி, அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். ஏன் தண்ணீர்? காற்றை அடைத்து வெடித்தால் உடல் தூள்தூளாகிவிடும், தண்ணீர் சுருங்காது, அதனால் விரிசல் விட்ட இடம் அப்படியே கிடைக்கும். அந்த உடல் ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து ஏறக்குறைய 3,000 பயணங்களுக்குச் சமமான சுழற்சியில் கிழிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் பலூன் மாதிரி கொஞ்சம் உப்பி, இறங்கும்போது சுருங்குகிறது, திறப்புகளின் மூலைகளில் அந்த இழுப்பு குவிகிறது, உலோகம் சோர்ந்துபோகிறது.

இதற்குத் தேவை ஒரு பெட்டி பேப்பர் கிளிப், கண்ணாடி மூடி வைத்த ஒரு தகர டப்பா, பாதுகாப்புக் கண்ணாடிகள், ஒரு பெரிய வெள்ளைப் பலகை. கிளிப்பை விரித்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னும் வளைக்க வேண்டும். எத்தனை வளைப்பில் உடையும் என்று முதலிலேயே ஊகித்துத் தாளில் எழுத வேண்டும், அப்புறம் எண்ணிக்கொண்டே வளைக்க வேண்டும். வளைக்கும் இடம் விரலுக்குச் சூடாகத் தெரியும், பிள்ளைகள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கடைசி இரண்டு வளைப்பில் கம்பி திடீரென்று இளகினது போல இருக்கும், பட்டென்று போய்விடும். உடைந்த துண்டு டப்பாவுக்குள், எண் பலகையில்.

ஒரே பெட்டிக் கிளிப்தான், ஒரே மேசைதான், ஆனால் பலகையில் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒருவர் கூர்மையாக மடக்கியிருப்பார், ஒருவர் மெதுவாக வளைத்திருப்பார். மத்தியானத்துக்குள் எண்கள் ஒரு இடத்தில் குவிந்து இரண்டு பக்கமும் சிதறி நிற்கும். அப்போது கேளுங்கள்: "இது விமானமாக இருந்தால், எத்தனையாவது பயணத்தோடு இதை ஓய்வெடுக்கச் சொல்வீர்கள்?" நடு எண்ணைச் சொல்கிறவர்களிடம் பலகையின் இடது ஓரத்தைக் காட்டுங்கள், நடு எண்ணுக்கு வெகுமுன்னாலேயே உடைந்தவை அங்கே இருக்கும். பொறியாளர்கள் ஏன் இவ்வளவு இடைவெளி விடுகிறார்கள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. காமெட் விசாரணையில் பங்கெடுத்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரனுக்குத்தான், விமானி அறையின் பேச்சைப் பதிவு செய்து வைத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது, கறுப்புப் பெட்டி அங்கிருந்து வந்தது என்பதையும் தட்டியின் ஓரத்தில் இரண்டு வரியாக வைக்கலாம்.

இடம் மிச்சமிருந்தால் பக்கத்தில் ஒரு ரிப்பன் விளையாட்டு. நியூயார்க்கிலிருந்து லண்டன் போக ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் ரிப்பன் என்று வெட்டச் சொல்லுங்கள். 1958-ல் ஜெட் சேவை வந்தபோது ரிப்பன் நன்றாகக் குட்டையாகும், ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டுக்கு மூன்றரைச் சாண்தான், கான்கார்ட் 2003-ல் நின்ற பிறகு ரிப்பன் மறுபடி ஏழு சாணாக நீள்கிறது. "தப்பா வெட்டிட்டோமோ" என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

படி 7: தட்டி, ஆள், ஒத்திகை

தட்டி: ஒரு மேசைக்கு நாற்பது சொல். செய்ய வேண்டியது மேலே பெரிதாக, வரலாறு கீழே சிறிதாக. விளையாடி முடித்தவர்தான் வரலாற்றைப் படிப்பார், முன்னால் யாரும் படிப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவரின் முழங்கால் மேசைக்கடியில் போக வேண்டும், அட்டைகளில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், இருட்டறைக்கு வராதவர்களுக்கு அதே மோர்ஸ் விளையாட்டைத் தட்டும் சத்தமாக வெளியே வைத்துவிடுங்கள்.

ஆள்: மேசையில் நிற்கும் தன்னார்வலருக்கு நான் சொல்வது ஒன்றுதான், விடையைச் சொல்லாதே, அடுத்த கேள்வியைக் கேள். விமானப் பிரியர்களைப் பிடித்துப் போட்டால் ஒரு சிக்கல், இன்ஜின் மாடல் எண்ணில் ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. பேச்சு வாய்த்த ஆசிரியர்கள் பரவாயில்லை, பிள்ளைகளை வளர்த்த பாட்டிகள் இன்னும் நன்றாகச் செய்கிறார்கள்.

ஒத்திகை: திறப்பதற்கு முன் பத்துப் பேரை, முக்கியமாக விமானத்தில் ஆர்வமே இல்லாதவர்களை, அழைத்துவந்து ஒன்றும் விளக்காமல் விடுங்கள். நீங்கள் ஓரமாக நின்று கவனியுங்கள், வாயைத் திறக்கக் கூடாது. எங்கே கையை எடுத்துவிட்டு அக்கம்பக்கம் பார்க்கிறார்களோ அங்கே உங்கள் விளக்கம் ஓட்டை.

யோசனை எடுக்கப் பெரிய இடங்களுக்கும் போகலாம். வாஷிங்டனில் தேசிய வான்-விண்வெளி அருங்காட்சியகத்தில் ஃபோர்ட் டிரைமோட்டார், போயிங் 247, டிசி-3 என்ற மூன்று பழைய பயணிகள் விமானங்களும் ஒரே கூடத்தில் தொங்குகின்றன, ஒரு 747-ன் மூக்குப் பகுதிக்குள் ஏறிப் பார்க்கலாம். ஜெர்மனியின் சின்ஸ்ஹைமில் கான்கார்டும் ரஷ்யாவின் டியு-144-ம் பக்கத்துப் பக்கத்தில் கூரை மேல் நிற்கின்றன, இரண்டுக்குள்ளும் போகலாம். போனால் விமானத்தைப் பார்ப்பதை முதல் அரை மணி நேரத்தோடு நிறுத்திவிட்டு, மக்கள் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார்கள் என்று பாருங்கள். கான்கார்டுக்குள் பலரும் நிற்பது விமானி அறை முன்னால் இல்லை, உள்ளங்கை அளவே இருக்கும் அந்த ஜன்னல் முன்னால்.

படி 8: தினசரிப் பராமரிப்பு

காலையில் மணல் பைகளை எண்ணுங்கள், தொழிலதிபர் பைதான் முதலில் தொலையும். டார்ச் பேட்டரிக்கு மாற்று ஒரு செட் எப்போதும் இழுப்பறையில் இருக்கட்டும். அட்டைகளை லேமினேட் செய்து மூன்று செட் வையுங்கள், ரயில் அட்டையை மட்டும் ஆறு. டப்பாவில் உள்ள கிளிப் துண்டுகளை மாலையில் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம், ஆனால் வெள்ளைப் பலகையை அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் போட்டோவைச் சேர்த்து எண்களை ஒரே தாளில் குறித்து மேசைக்குப் பின்னால் ஒட்டினால், அடுத்த மாதம் வருகிறவர்கள் வளைக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தத் தாளின் இடது ஓரத்தைத்தான் தேடுவார்கள்.